ஒரே விசைப்பலகை, மூன்று தமிழ்

மெய்ப்புத் திருத்துவது என் தொழில். சென்னையில் சில பதிப்பகங்களுக்குப் பிழை பார்த்துத் தருகிறேன். ஒரு கோப்பு வந்தால் நாலு பக்கம் படித்தாலே போதும், எழுதியவர் எந்த முறையில் தட்டச்சு செய்கிறார் என்று தெரிந்துவிடும். பிழைகளே காட்டிக்கொடுத்துவிடும்.

ஔவையாரைத் தேடினால் கோப்பில் கிடைக்கமாட்டார். ஆனால் பக்கத்தில் கண்ணெதிரே இருப்பார். ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்து அடித்து ஔகாரம் போலக் காட்டியிருப்பார்கள். கண்ணுக்கு ஒன்றுதான், கணினிக்கு அது 'ஒ, ள' என்ற இரண்டு எழுத்து. இப்படி வந்தால் எழுதியவர் பழைய தட்டச்சு முறைக்காரர். அந்த முறையில் விரல் பின்பற்றுவது ஒலியை அல்ல, உருவத்தை. 'கொ' வேண்டுமென்றால் முதலில் கொம்பு, அப்புறம் க, கடைசியில் கால். காகிதத்தில் இடமிருந்து வலமாக எழுத்து விழுந்த இயந்திரத்தின் வரிசை அது. காகிதம் போய்த் திரை வந்தபிறகும் விரல் அதை மறக்கவில்லை. உயர் நீதிமன்றத்துக்கு எதிரே தம்பு செட்டித் தெருவில் பத்திரம் அடித்துத் தருபவர்களின் வேகத்தைப் பார்த்து நின்றிருக்கிறேன். கண் தாளிலேயே இருக்கும், விரல் தன் பாட்டுக்கு ஓடும். அரசில் தட்டச்சர் வேலைக்குப் போக நினைப்பவர்களுக்கு இளநிலை, முதுநிலைத் தேர்வுகள் இருக்கின்றன. அவர்களுக்கு இந்த முறைதான் வழி, அதில் விவாதமே இல்லை.

தமிழ் 99 வேறு கணக்கு. 1999 பிப்ரவரியில் இதே சென்னையில் நடந்த தமிழ்நெட் என்ற தமிழ் இணைய மாநாட்டை ஒட்டி உருவாகி, அதே வருடம் தமிழக அரசின் அங்கீகாரம் பெற்ற விசைப்பலகை முறை. உயிர் 12ம் இடக்கைப் பக்கம், மெய் 18ம் பெரும்பாலும் வலக்கைப் பக்கம். 'கொ' என்றால் க, ஒ, இரண்டே தட்டு. பள்ளிக்கூடத்தில் படித்த உயிர்மெய் இலக்கணம் அப்படியே விரலுக்கு இறங்கி வருகிறது. 'அம்மா'வுக்கு அ, ம, ம, ஆ. முதல் மகரத்துக்குப் புள்ளியை மென்பொருளே வைத்துவிடும். 'தங்கம்' என்பதில் ஙகரத்துக்கு அடுத்து ககரம் வந்தாலும் அப்படித்தான். தமிழில் ஒற்று எங்கே வரும் என்ற அறிவு நிரலுக்குள் உட்கார்ந்திருக்கிறது. அதனாலேயே இதற்கென்று ஒரு பிழையும் உண்டு. 'பப்பாளி' அடிக்கும்போது முதல் பகரத்துக்குப் பிறகு அகரத்தை ஒரு தட்டு தட்டவேண்டும். மறந்தால் சொல்லின் தலையிலேயே புள்ளி ஏறிவிடும். ஆனால் பார்த்தவுடன் கண்ணில் குத்தும் பிழை, ஒரு நொடியில் திருத்திவிடலாம்.

ஊடகக் கோட்பாட்டில் ஒரு பெரிய வழக்கு உண்டு. மென்பொருள் என்று தனியாக ஒன்றும் இல்லை, எல்லாம் கடைசியில் வன்பொருளில் ஓடும் மின்னழுத்த வேறுபாடுதான் என்று வாதிட்டார் ஜெர்மானியரான ஃபிரீட்ரிக் கிட்லர். லேவ் மனோவிச் போன்றவர்கள், இன்றைய பண்பாட்டை உருவாக்கும் அடுக்கே மென்பொருள்தான், அதைத் தனியாக ஆராயவேண்டும் என்கிறார்கள். தட்டச்சு இயந்திரத்தைப் பற்றிக் கிட்லர் யோசித்த அளவுக்கு யோசித்தவர்கள் குறைவு. அந்த மதிப்போடுதான் சொல்கிறேன், இந்த வழக்கில் நான் மனோவிச் பக்கம். என் மேஜையில் இருப்பது ஒரே பிளாஸ்டிக் பலகை. சென்னையில் நியூ ஹொரைசன் மீடியா இலவசமாகக் கொடுத்த என்எச்எம் ரைட்டர் என்ற தட்டச்சு மென்பொருளில் முறையை மாற்றினால் அதே பொத்தான்களில் வேறு தமிழ் வருகிறது. வன்பொருள் துளியும் மாறவில்லை.

மூன்றாவது, ஆங்கில எழுத்தில் அடித்துத் தமிழில் எடுப்பது. கைபேசியில் பெரும்பாலோர் செய்வது இதைத்தான். கற்கவே வேண்டாம், அந்த வசதியால் எத்தனையோ பேர் தமிழில் எழுத வந்தார்கள். அது எனக்கு மெய்யாகவே சந்தோஷம். ஆனால் இங்கே ஒன்று நடக்கிறது. நீங்கள் ஒலியைக் குத்துமதிப்பாக அடிக்கிறீர்கள், திரை வலி, வழி, வளி என்று வரிசையாக நீட்டுகிறது, நீங்கள் ஒன்றைத் தொடுகிறீர்கள். எழுதுவது என்பது பொறுக்குவதாகிவிட்டது. அதனால் இந்தக் கோப்புகளில் எழுத்துப்பிழையே குறைவு. மாறாக, சரியாக எழுதப்பட்ட தப்பான சொல் இருக்கும். கறை இருக்கவேண்டிய இடத்தில் கரை. பிழைதிருத்தி நிரலும் அதைத் தாண்டிப் போகும், களைத்த என் கண்ணும் தாண்டும். 'இட்டாந்தான்', 'வூட்டாண்ட' போன்ற வடசென்னைப் பேச்சை எழுதும் கதைக்காரருக்கு இன்னும் கஷ்டம். பட்டியல் நீட்டும் சொல் பெரும்பாலும் பாடப்புத்தகச் சொல்தான், அவர் ஒவ்வொரு முறையும் அதோடு மல்லுக்கட்டவேண்டும்.

தினமும் பக்கம் பக்கமாக எழுதுபவர் என்றால் தமிழ் 99 பழகுங்கள், யார் கேட்டாலும் இதைத்தான் சொல்கிறேன். எனக்கு மூன்று வாரம் பிடித்தது. முதல் வாரம் ஒரு மின்னஞ்சலுக்கே அரைமணி நேரம் ஆனது. விசைகளில் எழுத்து ஒட்டாமல், வரைபடத்தைத் திரைக்குப் பக்கத்தில் மாட்டிவைத்துப் பழகினேன். மூன்றாவது வாரம் அந்தத் தாள் கீழே விழுந்து கிடந்ததை இரண்டு நாள் நான் கவனிக்கவே இல்லை.