தம்புள்ளை அடிவாரத்தில் வைத்துப் படித்த ‘சுழற்காற்று’

கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ நாவலின் ஐந்து பாகத்தையும் ஒரே கட்டாக வாங்கலாமா என்று கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். இலங்கையில் இருக்கிறவர் என்றால் முதல் இரண்டு பாகத்தை வாங்குங்கள். முதலாம் பாகத்தை வீட்டில் வைத்துப் படித்து முடியுங்கள். இரண்டாம் பாகமான ‘சுழற்காற்’றைப் பையில் போட்டுக்கொண்டு வெளிக்கிடுங்கள். மற்ற மூன்றையும் வாங்குவதா இல்லையா என்பது அதற்குப் பிறகு தானாகத் தெரிந்துவிடும்.

நான் திருகோணமலையில் வான் வைத்து ஹயர் ஓடுகிறவன். உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் தங்குகிறவர்களையும், வெளிநாட்டிலிருந்து ஊர் பார்க்க வருகிற நம்மவர்களையும் தம்புள்ளை, அநுராதபுரம், பொலநறுவை, திருக்கேதீச்சரம், யாழ்ப்பாணம் என்று கொண்டுபோய்க் காட்டுவதுதான் தொழில். ஆட்களை இறக்கிவிட்டால் அவர்கள் திரும்பி வரும்வரை காத்திருக்க வேண்டும். நிழலாகப் பார்த்து வானை விட்டு, கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நான் படிப்பது அந்த நேரங்களில்தான். சரித்திரக் கதை என்றால் எனக்கு உயிர். அதிலும் நான் போய்வந்த இடத்தில் நடக்கிற கதை கிடைத்துவிட்டால் சோறு தண்ணீர் தேவையில்லை.

முதலாம் பாகத்தை நான் ஓட்டமாகத்தான் படித்தேன். வீரநாராயண ஏரியையோ கடம்பூரையோ பழையாறையையோ நான் பார்த்ததில்லை. கல்கி காட்டியபடி பார்த்துக்கொண்டு, அடுத்து என்ன நடக்கும் என்ற அவசரத்தில் பக்கங்களைப் புரட்டிக்கொண்டு போனேன். கோடிக்கரையும் அப்படித்தான். கலங்கரை விளக்கம், சதுப்பு நிலம், ஓடக்காரப் பெண் பூங்குழலியின் படகு எல்லாம் நன்றாக இருந்தன. ஆனால் கதாநாயகன் வந்தியத்தேவன் ஈழத்துக் கரையில் கால் வைத்ததும் என் வாசிப்பின் வேகம் குறைந்துவிட்டது. ஒவ்வொரு பக்கத்திலும் நிற்கிறேன், பின்னுக்குப் போகிறேன், இது எந்த இடமாக இருக்கும் என்று யோசிக்கிறேன். ஒரே எழுத்தாளர், ஒரே கதை. கதை நடக்கும் நிலத்தில் நான் நின்றிருக்கிறேன் என்ற ஒன்று மட்டுமே புதிது.

திருக்கேதீச்சரம் இருக்கிற மாதோட்டத்தில் சோழ சேனாபதியின் பாசறை வருகிறது. வந்தியத்தேவன் அங்கே பிடிபட்டு, ஒற்றன் ஆழ்வார்க்கடியானோடு காட்டு வழியில் தம்புள்ளைக்குப் புறப்படுகிறான். கதையில் இது சில பக்கங்களில் முடிந்துவிடும். எனக்கு முடியவில்லை. திருக்கேதீச்சரத்தில் பாலாவிக் கரையில் வானை விட்டுவிட்டு எத்தனையோ தடவை அந்தத் தட்டை நிலத்தைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறேன். கண்ணுக்கு எட்டிய தூரம் மேடு பள்ளம் கிடையாது. காற்று ஓயாமல் அடிக்கும், வெயில் நேரே தலையில் இறங்கும். கட்டுக்கரைக்குளத்தைத் தாண்டிய பிறகுதான் காடு காடாக வரத் தொடங்கும். இன்றைய தார் றோட்டில் மதவாச்சி போய், அங்கிருந்து தெற்கே திரும்பித் தம்புள்ளைக்குப் போவதற்கே நேரம் செல்லும். இவர்கள் நடந்து போகிறார்கள். அந்தக் காட்டில் இப்போதும் யானை உண்டு. தண்ணீர் இருக்கும் இடம் தெரியாதவன் தப்ப மாட்டான். இதெல்லாம் கல்கி எழுதாமலே எனக்குத் தெரிகிறது. வந்தியத்தேவனின் களைப்பை அவர் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போனாலும், மீதியை நான் ஓட்டிய றோட்டு சொல்லிவிடுகிறது.

தம்புள்ளைப் பகுதிதான் இந்தப் புத்தகத்தின் உயிர் என்பேன். சமவெளியிலிருந்து சுமார் 160 மீற்றர் எழுந்து நிற்கிற பாறை அது. மேலே ஐந்து குகைகள், முதற்குகையில் ஏறத்தாழ 14 மீற்றர் நீளத்துக்குக் கிடக்கும் புத்தர். அந்த அடிவாரத்தில் வைத்துத்தான் இளவரசர் அருள்மொழிவர்மரைக் கல்கி நமக்கு முதன்முதலாக நேரில் காட்டுகிறார். அதுவரை எல்லாரும் அவரைப் பற்றிப் பேசிப் பேசியே நம் ஆவலை ஏற்றி வைத்திருக்கிறார்கள். சோழநாட்டு அரண்மனையில் காட்டியிருக்கலாம், கப்பலில் காட்டியிருக்கலாம். இந்தப் பாறையடியைத் தேர்ந்தெடுத்தது எவ்வளவு சரி என்பது அங்கே நின்றவர்களுக்குத்தான் விளங்கும். வடக்கே அநுராதபுரத்துக்கும், தெற்கே மலைநாட்டுக்கும், கிழக்கே பொலநறுவை வழியாக எங்கள் கடலுக்கும் போகிற பாதைகள் கூடுகிற இடம் அது. இன்றைக்கும் மரக்கறி லொறிகள் நிறைய அந்தச் சந்தியால்தான் போகும். ஒரு படைத்தலைவன் நிற்க வேண்டிய இடம் அதுதான். வரைபடத்தை மட்டும் பார்த்து இதை எழுதியிருக்க முடியாது. கல்கி ஓவியர் மணியத்தோடு இலங்கைக்கு வந்து இந்த இடங்களைப் பார்த்துவிட்டே எழுதினார்.

கனடாவிலிருந்து வந்த ஒரு அம்மாவைத் தம்புள்ளைக்குக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். முழங்கால் வருத்தம். பிள்ளைகள் மேலே ஏறிவிட்டார்கள், அவர் வானிலேயே இருந்துவிட்டார். என் கையில் இருந்த புத்தகத்தைக் கண்டதும் முகம் மாறிவிட்டது. சின்ன வயதில் யாழ்ப்பாணத்தில் அவருடைய வீட்டில் ‘கல்கி’ இதழ் வந்ததாம், தகப்பன் வாசித்து முடிக்கும்வரை மற்ற ஒருவரும் தொடக்கூடாதாம். “தம்பி, இளவரசர் எந்தப் பக்கத்தால வந்தவர்?” என்று கேட்டார். “வடக்கால வாற றோட்டுத்தான் அம்மா, நாங்களும் பின்னேரம் அதாலதான் அநுராதபுரம் போறம்” என்றேன். அதன் பிறகு அவர் மேலே ஏற முடியாத கவலையைப் பற்றிப் பேசவே இல்லை. அந்த அத்தியாயத்தை நான் உரக்க வாசிக்க, அவர் கண்ணாடி வழியாகப் பாறையைப் பார்த்துக்கொண்டே கேட்டார். இடையிடையே எனக்கு முன்னாலேயே அடுத்து வருவதைச் சொன்னார்.

அநுராதபுரம் வேறு விதம். அங்கே நான் மகிழ்ச்சியோடு மட்டும் படிக்கவில்லை. திருவிழா இரவு, நிலா, கூட்டம், ஊமை ராணி கையைக் காட்டி அழைக்க இளவரசரும் கூட வந்தவர்களும் நகர்ந்ததும் பின்னால் இடிந்து விழுகிற கட்டடம், பிறகு பிக்குகள் இரகசியமாக இலங்கையின் சிங்காதனத்தையே இளவரசரிடம் நீட்டுகிற இடம். கதையாக இதைவிடச் சிறப்பாக எழுத முடியாது. சேதவனராமய தூபிக்குப் பக்கத்தில் நின்று மேலே பார்த்தவர்களுக்கு அந்த இரவின் அளவு தெரியும். மகாசேன மன்னன் தொடங்கிய அந்தத் தூபி அந்தக் காலத்தில் 122 மீற்றர் உயரம் இருந்ததாகக் கணக்கு. முழுக்கச் செங்கல். அப்படியான மலைகளுக்கு நடுவே ஒரு இளைஞன் நின்று, முடி வேண்டாம் என்கிறான்.

ஆனால் அங்கேயே நின்று வழிகாட்டிகள் சொல்கிற மற்றக் கதையும் என் காதில் விழுகிறது. 985 இல் இராஜராஜனாக முடிசூடிய அதே அருள்மொழியின் படைதான் 993 அளவில் திரும்பி வந்தது. அநுராதபுரம் அதோடு தலைநகர் என்ற இடத்தை இழந்தது. விகாரைகளைச் சோழர் கொள்ளையிட்டதை இலங்கையின் பழைய வரலாற்று நூலான சூளவம்சம் கோபத்தோடு எழுதி வைத்திருக்கிறது. கல்கியின் இளவரசர் இடிந்த விகாரைகளைத் திருத்திக் கட்டுகிறார். கதை நடக்கிற காலம் அந்தப் படையெடுப்புக்கு இருபது ஆண்டுகளுக்கும் மேலே முந்தியது, ஆகவே கதையில் பிழை என்று சொல்ல முடியாது. இருந்தாலும் ஊர் தெரிந்த வாசகனுக்கு இந்த இரண்டையும் ஒன்றாகத் தூக்கிக்கொண்டு படிக்க வேண்டியிருக்கிறது. அது எனக்குப் பாரமாகவே இருந்தது. அந்தப் பாரம் இல்லாமல் இந்தப் பகுதியைப் படிக்க வேண்டும் என்றும் எனக்கு ஆசையில்லை. தமிழ்நாட்டில் இருந்து படிக்கிறவர்களுக்குக் கிடைக்காத ஒன்று அது.

இதற்கு எங்கள் ஊரிலேயே ஒரு மறுபக்கமும் உண்டு. திருகோணமலைக்கு வடமேற்கே, பெரியகுளத்துக்குப் பக்கத்தில் வெல்கம் விகாரை இருக்கிறது. சோழர் காலத்தில் அதன் பெயர் இராஜராஜப் பெரும்பள்ளி. தமிழ்ப் பௌத்தர்கள் கும்பிட்ட விகாரை. விளக்கு எரிக்கவென்று பசுக்களையும் பொருளையும் கொடுத்தவர்களின் தமிழ்க் கல்வெட்டுகள் அங்கே கிடைத்தன. என் வானில் வருகிறவர்களில் அங்கே போகக் கேட்கிறவர்கள் மிகக் குறைவு. ‘சுழற்காற்’றைப் படித்தவர் ஏறினால் நானே கேட்டு, வழியை மாற்றி அங்கே நிறுத்துவேன். அநுராதபுரத்து அத்தியாயங்களுக்குப் பிறகு அந்தக் கற்களைப் பார்த்தால் மனம் கொஞ்சம் ஆறும்.

யானைகளைக் கல்கி நன்றாக எழுதியிருக்கிறார். இளவரசர் பூங்குழலியை ஏற்றிக்கொண்டு, மிரண்டது போலவே யானையை ஓட்டுகிற கட்டத்தை ஹபரணை றோட்டில் இரவு ஓடிப் பழகியவர்கள் படித்துப் பார்க்க வேண்டும். அசையாமல் நிற்கிற யானை எந்த நொடியில் என்ன செய்யும் என்று தெரியாத அந்தப் பதற்றம் எனக்குப் பழக்கமானது.

ஒரு இடத்தில் மட்டும் நான் கல்கியோடு ஒத்துப்போக மாட்டேன். பாகத்தின் பெயரே சுழற்காற்று. கடைசிப் பகுதியில் புயல் வந்து கப்பலை உடைக்கிறது, இடி விழுந்து பாய்மரம் எரிகிறது. வாசிக்கும்போது கை நடுங்குகிறது, அதில் குறையே இல்லை. ஆனால் கதை ஆடிப்பெருக்கன்று தொடங்கியது. வந்தியத்தேவன் ஓரிடத்திலும் தங்காமல் ஓடுகிறவன். என் கணக்கில் வடகீழ்ப் பருவக்காற்றான வாடை இன்னும் பிறக்கவில்லை. எங்கள் பக்கம் அது தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கிற காலம். நிலம் காயும், கிழக்குக் கடல் ஆறுதலாகக் கிடக்கும், நிலாவெளியில் வெள்ளைக்காரர் நீந்துகிற மாதங்கள் அவைதான். புயல் என்றால் எங்களுக்குக் கார்த்திகை, மார்கழி. 2020 இல் புரெவிப் புயல் குச்சவெளிப் பக்கத்தால் கரையேறியது டிசம்பர் 2 இரவு. அன்றைக்குக் கரையில் படகுகளை மேலே இழுத்துக் கட்டிய யாரும் இந்த அத்தியாயத்தைப் படித்தால் முதலில் மாதத்தைத்தான் கேட்பார்கள். கதைக்குப் புயல் தேவை, அது எனக்கு விளங்குகிறது. கடலோரத்தில் வளர்ந்தவனின் மனம் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

இனிப் புத்தகத்தைப் பொருளாகப் பார்ப்போம். கதை 1950 முதல் 1954 வரை ‘கல்கி’ இதழில் தொடராக வந்தது. கல்கியின் எழுத்துகள் 1999 இல் தமிழ்நாட்டில் நாட்டுடைமையாக்கப்பட்டன. அதனால் பல பதிப்பகங்கள் அச்சிடுகின்றன, இணையத்தில் மதுரைத் திட்டத்தில் இலவசமாகவும் கிடைக்கிறது. விலையும் தரமும் பதிப்புக்குப் பதிப்பு மாறும். நான் வாங்கிய மலிவுப் பதிப்பில் எழுத்துப் பொடி, தாள் மெல்லியது, வானுக்குள் இருந்த வெப்பத்தில் முதுகுப் பசை விட்டுவிட்டது. எழுத்துப் பிழைகளும் ஆங்காங்கே உண்டு. பெரிய குறை, வரைபடம் இல்லாதது. கோடிக்கரை, மாதோட்டம், தம்புள்ளை, அநுராதபுரம், தொண்டைமானாறு இவ்வளவையும் காட்டுகிற ஒரு பக்கப் படம் போட்டிருந்தால் போதும், வாசிக்கிறவர் வாழ்த்துவார். மணியத்தின் ஓவியங்கள் உள்ள பதிப்புக் கிடைத்தால் கூடக் காசு கொடுத்தாவது அதையே வாங்குங்கள்.

எங்கள் ஊருக்கு இந்தக் கதையில் பெரிய இடம் இல்லை. கோணேசர் மலையும் அந்தத் துறைமுகமும் இருந்தும் கதை மேற்கேயும் வடக்கேயும்தான் சுற்றுகிறது. அது எனக்குக் கவலைதான். ஆனால் ஒன்றை நினைத்துப் பெருமைப்படுவேன். தமிழின் முதல் சரித்திர நாவல் என்று சொல்லப்படுகிற ‘மோகனாங்கி’யை 1895 இல் எழுதி வெளியிட்டவர் திருகோணமலையைச் சேர்ந்த தி. த. சரவணமுத்துப்பிள்ளை. அது நாயக்கர் காலத்துத் திருச்சியிலும் தஞ்சையிலும் நடக்கிற கதை. ஆக, எங்கள் ஊர்க்காரர் தஞ்சையை எழுதினார். அதற்கு அரை நூற்றாண்டுக்குப் பிறகு தஞ்சைப் பக்கத்துக்காரரான கல்கி வந்து எங்கள் நாட்டை எழுதினார். பிள்ளையவர்களின் பெயர் இங்கே பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கே தெரிவதில்லை. கோணேசர் மலையை, 1620களில் போர்த்துக்கேயர் கோயிலை இடித்துக் கோட்டை கட்டிய நாட்களை, அந்தக் கடலையும் காற்றையும் மாதம் தவறாமல் தெரிந்த ஒருவர் அதே போல் ஐந்து பாகத்தில் எழுத வேண்டும். எழுதினால் அது வெளியாகிற அன்றே காசோடு கடை வாசலில் நிற்பேன்.

யாருக்கு இந்தப் பாகம் சரிவராது என்றும் சொல்லிவிடுகிறேன். அரசியல் சூழ்ச்சிக்காக மட்டும் படிக்கிறவர்களுக்கு இரண்டாம் பாகம் இழுவையாகத் தெரியும், சூழ்ச்சிக்காரர்களான பழுவேட்டரையர்களும் நந்தினியும் இதில் குறைவு. ஈழத்தில் ஒரு இடத்தையாவது பார்த்தவர்களுக்கு இழுவை இருக்காது. புத்தகத்தோடு தம்புள்ளைக்குப் போகிறவர்கள் காலையிலேயே போய்விடுங்கள், நேரம் ஏற ஏறப் பாறை சுடும், குகை வாசலில் செருப்பைக் கழற்ற வேண்டும். அநுராதபுரத்துக்கு வெள்ளை உடுப்புக் கொண்டுபோங்கள். திருகோணமலையிலிருந்து ஹொரவப்பொத்தானை வழியாக அது நூறு கிலோமீற்றருக்குச் சற்று மேல். பொழுதுபட முன் அந்தக் காட்டைக் கடந்துவிடுவது நல்லது. தம்புள்ளை, அநுராதபுரம், மாதோட்டம் மூன்றையும் ஒரே நாளில் பார்க்கத் திட்டம் போடாதீர்கள். இரண்டு நாள் ஒதுக்கினால் இடையில் வாசிக்கவும் நேரம் கிடைக்கும்.