டேனா 18ஆ, தார் டி.சி.யா, ஜிப்ஸியா: மலையடிவார டீசல் வண்டிக்கு எது?

ஓடுகத்தூரைத் தாண்டி ஜவ்வாது மலை ஏறத் தொடங்கும் இடத்தில் என் மாமனாருக்குப் புளியந்தோப்பும் கொஞ்சம் சாமைக்கொல்லையும் இருக்கின்றன. ஐப்பசி, கார்த்திகை மழையில் அந்த மண்பாதையில் டிராக்டரைத் தவிர எதுவும் ஏறாது. மூட்டை இறக்குவதற்காகப் பழைய மஹிந்திரா எம்.எம். 540 ஜீப் சேசிஸில் டி.ஐ. டீசல் எஞ்சினை வைத்து, பின்னால் தொட்டி கட்டி ஒரு வண்டி செய்தேன். கியர்பாக்ஸ் பொலேரோ பிக்கப்பிலிருந்து எடுத்த ஐந்து கியர். எஞ்சினும் கியர்பாக்ஸும் ஒரு மாதத்தில் முடிந்துவிட்டன. டிரான்ஸ்ஃபர் கேஸில்தான் ஆறு மாதம் போனது. டி.சி. என்பது அதுதான்: கியர்பாக்ஸிலிருந்து வரும் சக்தியை முன், பின் சக்கரங்களுக்குப் பிரித்து அனுப்பும் பெட்டி. சாதாரண ஓட்டத்துக்கு ஹை ரேஞ்ச், மெதுவாக ஏறி இழுக்க லோ ரேஞ்ச் என்று அதில் இரண்டு உண்டு.

என் முன்னால் இருந்தவை மூன்று. பழைய ஜீப்பின் டேனா 18 வகை, 2010க்குப் பிறகு வந்த மஹிந்திரா தாரின் போர்க் வார்னர், மாருதி ஜிப்ஸியின் தனிப் பெட்டி.

ஜிப்ஸியை முதலில் முடித்துவிடுகிறேன். அது கியர்பாக்ஸோடு ஒட்டாமல், நடுவில் ஒரு குட்டி ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் போட்டுத் தனியாகத் தொங்கும் பெட்டி. கியர்பாக்ஸையும் டி.சி.யையும் இணைக்கும் அடாப்டர் தட்டே தேவையில்லை என்பதால் எனக்கு அதன்மேல் பெரிய ஆசை. கணக்குப் போட்டதும் ஆசை போய்விட்டது. ஜிப்ஸி கிங் எஞ்சின் 103 நியூட்டன் மீட்டர்தான் தரும். முதல் கியர் 3.65 என்றால் பெட்டிக்குள் போவது சுமார் 376. என் டி.ஐ. எஞ்சினோ 180ஐ ஒட்டித் தரும். முதல் கியரை 4 என்று வைத்தாலே 720. ஏறக்குறைய இரண்டு பங்கு, அதுவும் மூட்டையோடு மேட்டில். இன்னொன்று, ஜிப்ஸி பெட்டி ஹை ரேஞ்சிலேயே ஒன்றுக்கு ஒன்று கிடையாது, சுற்றைக் குறைத்துத்தான் அனுப்பும். 3,200 சுற்றில் மூச்சு முட்டும் டீசலை அதோடு கட்டினால் பெங்களூர் நெடுஞ்சாலையில் லாரிகள்கூட நம்மைத் தாண்டிப் போகும். பெட்ரோல் எஞ்சினோடு இலகுவான வண்டி கட்டுகிறவர்களுக்கு அது நல்ல பெட்டி. எனக்கு இல்லை.

அடுத்து தார். ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். இதை நான் மச்சானின் வண்டியில் ஓட்டியிருக்கிறேன், ஒரே ஒரு முறை திறந்து பார்த்திருக்கிறேன், அவ்வளவுதான். ஓட்டுவதற்குச் சுகமான பெட்டி. அலுமினியக் கூடு, பின்பக்க அவுட்புட் நேர்க்கோட்டில் வருவதால் ஹை ரேஞ்சில் கியர் இரைச்சலே இல்லை. முன் சக்கரத்துக்குச் செயின் வழியாகப் போகும். லோ ரேஞ்ச் 2.48. டேனா 18இல் 2.46. ஆகவே இழுவையை வைத்து இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க முடியாது. வாங்குகிறவர்கள் கைலீவர் உள்ளதா என்று பார்த்து வாங்குங்கள். பட்டனில் மாறும் மோட்டார் வகையைத் தண்ணீரிலும் சேற்றிலும் இறங்கும் வண்டிக்கு வைக்க எனக்கு மனம் வரவில்லை.

எனக்கு முடிவைச் சொன்னது பராமரிப்பு. செயின் நாளாக நாளாக நீளும். நீண்டால் பாரத்தில் பல் தாவி ‘டக் டக்’ என்று அடிக்கும், விட்டால் அலுமினியக் கூட்டையே உள்ளிருந்து அறுக்கும். செயினை லேத்தில் கடைந்து எடுக்க முடியாது, புதிதாக வரவழைக்கத்தான் வேண்டும். புளி உலுக்கும் பருவத்தில் வண்டி பத்து நாள் நின்றால் கூலியாட்களும் நிற்பார்கள்.

டேனா 18இல் செயினே இல்லை. வார்ப்பிரும்புக் கூடு, உள்ளே பல்சக்கரங்கள், ஒரு இன்டர்மீடியட் ஷாஃப்ட், அதைச் சுற்றி ஊசி ஊசியாக உருளைகள் கொண்ட நீடில் பேரிங். புதுப்பேட்டையில் நான் எடுத்த பழைய பெட்டியைக் காட்பாடியில் பாய் பட்டறையில் பிரித்தோம். அந்த ஷாஃப்டை வேட்டித் துணியில் துடைத்து என் கையில் கொடுத்தார். “நகத்தை வச்சுத் தடவிப் பாரு தம்பி. மாட்டுச்சுன்னா ஷாஃப்ட் போச்சு.” நீடில் ஓடிய இடத்தில் நகம் மாட்டியது. ஷாஃப்ட், பேரிங், த்ரஸ்ட் வாஷர், ஆயில் சீல் எல்லாம் புதிதாகப் போட்டு, மறுநாள் மாலை பெட்டியை மூடிவிட்டார். ஷாஃப்டின் கனத்தை மட்டும் அளந்து வாங்க வேண்டும். போர்க்கால வில்லிஸில் முக்கால் அங்குலம், பிறகு வந்தவற்றில் ஒன்றே அரைக்கால், கடைசியில் ஒன்றே கால். டீசலுக்குக் கனமானதுதான் சரி.

குறைகளும் உண்டு. டூ வீலில் ஓடினாலும் இதில் சக்தி பல்சக்கரங்கள் வழியாகவே போகும். அதனால் அறுபதைத் தாண்டினால் ஊளை கேட்கும். ஆயில் கசியும், மாதம் ஒருமுறை மூடியைத் திறந்து தொண்ணூறு நம்பர் ஆயில் பார்க்க வேண்டும். பின் அவுட்புட் நடுவில் இல்லாமல் ஓரமாக வருவதால் பின் ஆக்ஸில் ஹவுசிங்கும் அதே பக்கம் ஒதுங்கியதாக இருக்க வேண்டும். என் சேசிஸ் ஜீப் என்பதால் பிழைத்தேன். வேறு வண்டிக்காரர்கள் இதை முதலிலேயே அளந்துவிடுங்கள்.

அடாப்டரில்தான் நான் அடி வாங்கினேன். முதல் தட்டை ஒரு பட்டறையில் போல்ட் துளைகளை நம்பிச் செய்து கொடுத்தார்கள். துளை எப்போதும் போல்ட்டைவிடக் கொஞ்சம் பெரிதாகத்தான் இருக்கும், தட்டு மயிரிழை நகர்ந்து உட்கார்ந்துவிட்டது. முந்நூறு கிலோமீட்டரில் பேரிங் கத்தியது. இரண்டாவது தட்டை ராணிப்பேட்டையில் செய்தேன். நடுத்துளையையும் பெட்டி உட்காரும் உதட்டையும் சக்கிலிருந்து கழற்றாமல் ஒரே பிடியில் கடைந்தார்கள், அப்புறம் தட்டு நகராமல் இருக்க இரண்டு டவல் பின். கியர்பாக்ஸ் ஸ்ப்ளைனையும் டி.சி. கியரையும் சேர்க்கும் குட்டி ஷாஃப்ட் இ.என். 24 எஃகு, ஹீட் ட்ரீட்மென்ட் செய்தது. மயிரிழை ஆட்டத்தையும் காட்டும் டயல் கேஜ் வைத்துச் சுற்றிப் பார்க்காமல் தட்டை வாங்காதீர்கள். கியர்பாக்ஸும் டி.சி.யும் ஜோடியாகக் கிடைத்தால் இந்தப் பாடே வேண்டாம், அப்படியே வாங்குங்கள்.

ஆர்.சி.யில் ஃபோர் வீல் என்று இருக்கும் வண்டியிலேயே வேலையைத் தொடங்குவது நல்லது. இல்லாவிட்டால் வண்டியை மாற்றியமைப்பது பற்றிய மோட்டார் வாகனச் சட்டம் 52ஆவது பிரிவு குறுக்கே வரும். மாற்றம் எதுவானாலும் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

டேனா 18இன் முதுகில் ஒரு வட்ட மூடி இருக்கிறது. அது பி.டி.ஓ.வுக்கான வாய், அதாவது எஞ்சின் சக்தியை வெளியே எடுத்து வேறு இயந்திரத்தை ஓட்டுவதற்கான வழி. அறுவடை முடிந்ததும் அதைக் கழற்றி, கிணற்று பம்பை ஓட்ட ஒரு ஷாஃப்ட் எடுக்க வேண்டும். பாய் அளவு எடுத்து வைத்திருக்கிறார்.