ஐந்து சென்ட் வரியா, ஐந்து சென்ட் தள்ளுபடியா?

ஒரு பொருளின் பயன்பாட்டைக் குறைக்க நினைக்கும் அரசுக்கு வழி இரண்டு. பயன்படுத்துபவரிடம் வரி வாங்கலாம். வேண்டாம் என்று விடுபவருக்குப் பணம் கொடுக்கலாம். தொகை ஒன்றாக இருந்தால் இரண்டும் ஒன்றுதானே என்று தாளில் போட்ட கணக்கு சொல்லும்.

மனுஷ மனசு அப்படிக் கணக்குப் போடுவதில்லை. அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டன் பகுதிக் கடைகளில் தத்தியானா ஹோமனாஃப் என்ற பொருளாதார ஆய்வாளர் இதைக் கவனித்தார். சொந்தப் பை கொண்டுவந்தால் 5 சென்ட் தள்ளுபடி என்ற கடைகளில் பெரிதாக ஒன்றும் மாறவில்லை. கடைப் பைக்கு 5 சென்ட் வரி வந்த இடங்களிலோ, பை வாங்குவோர் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தார்கள். அயர்லாந்து 2002-ல் பிளாஸ்டிக் பைக்கு 15 யூரோ சென்ட் வரி போட்டபோது பயன்பாடு 90 சதவீதத்துக்கும் மேல் சரிந்தது. கையிலிருந்து போகும் காசு உறுத்துகிற அளவுக்கு, வராமல் போன காசு உறுத்துவதில்லை.

அப்புறம் கஜானா. வரி பணம் கொண்டுவரும், சலுகை பணம் கேட்கும். அதிலும், எப்படியும் அதைச் செய்யவிருந்தவரும் வரிசையில் வந்து நிற்பார். 2009-ல் அமெரிக்கா, பழைய காரைக் கொடுத்துவிட்டு எரிபொருள் சிக்கனமான புதுக் கார் வாங்கினால் 3,500 அல்லது 4,500 டாலர் தந்தது. செலவு சுமார் 300 கோடி டாலர். விற்பனை எகிறியது உண்மை. ஆனால் எப்படியும் வாங்கவிருந்தவர்கள்தான் சில மாதம் முந்திக்கொண்டார்கள். அடுத்தடுத்த மாதங்களில் விற்பனை அதற்கேற்பப் படுத்துவிட்டது என்று பின்னால் வந்த ஆய்வு காட்டியது.

அதனால் என் ஓட்டு பெரும்பாலும் வரிக்குத்தான். மாற்று வழி இருந்தால் மட்டும். பேருந்தே ஓடாத இடத்தில் பெட்ரோலுக்கு வரியைக் கூட்டினால் பயணம் குறையாது, ஏழையின் பைதான் காலியாகும்.

வரிக்கு இன்னொரு சங்கடம், அது கண்ணில் படும். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா 2008-ல் கார்பன் வரி (எரிபொருள் எரிவதால் வரும் கரியமில வாயுவுக்கான வரி) போட்டபோது, அந்த வருமானத்தை வருமான வரிக் குறைப்பாகத் திருப்பியும் கொடுத்தது. ஆனால் வரி எரிபொருள் விலையிலேயே தெரிந்தது. திரும்பி வந்த பணத்தைப் பலர் கவனிக்கவே இல்லை. நுகர்வோர் மீதான அந்த வரி 2025 ஏப்ரலில் எடுக்கப்பட்டுவிட்டது.

தடுப்பூசி போன்றவற்றில் மட்டும் மறுபேச்சில்லாமல் மானியத்தின் பக்கம் போய்விடுவேன். ஒருவர் போட்டுக்கொண்டால் பக்கத்தில் இருப்பவருக்கும் காப்பு. எப்படியும் போடவிருந்தவருக்கும் சேர்த்து இலவசமாகப் போனாலும் அங்கே நஷ்டமில்லை.