அந்தக் காணொளியில் துள்ளும் கால் என் தம்பியுடையது

முதுகுத்தண்டில் அடிபட்டு நடக்க முடியாமல் போனவர்களை அக்குபங்சர் ஊசியால் நடக்க வைப்பதாகச் சொல்லும் ஒரு காணொளி சில வாரங்களாக வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. பச்சை விரிப்புப் போட்ட மேசையில் ஓர் ஆள் படுத்திருக்கிறான், முகம் தெரியாது. வலது முழங்கால் திடீரென்று மடங்கித் துள்ளுகிறது. "பாருங்கள், உயிர்ச்சக்தி இறங்குகிறது" என்று பின்னாலிருந்து ஒரு குரல். உன் தம்பிக்கு உதவும் என்று இதுவரை மூன்று பேர் எனக்கு அனுப்பிவிட்டார்கள்.

அந்தக் கால் என் தம்பியுடையதுதான். கணுக்காலுக்கு மேலே தெரிகிற தழும்பு சிறுவயதில் சைக்கிள் செயினில் சிக்கியபோது வந்தது. நான்தான் மஞ்சள் வைத்துக் கட்டினேன். அந்தக் காலை அவனால் இன்றுவரை தானாக அசைக்க முடியாது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

இருபத்தேழு வயதில் பைக்கிலிருந்து விழுந்தான். மார்புப் பகுதி முதுகெலும்பில், நான்காவது எலும்பில் அடி. டாக்டர்கள் டி-4 என்பார்கள். கம்பியும் திருகும் வைத்து அறுவை சிகிச்சை நடந்தது. டிஸ்சார்ஜ் சீட்டில் 'ஆசியா ஏ' என்று எழுதியிருந்தார்கள். அடிபட்ட இடத்துக்குக் கீழே ஆசனவாய் வரை உணர்வும் இல்லை, அசைவும் இல்லை என்பதுதான் அதற்கு அர்த்தம் என்பதை நான் ஒரு வருடம் கழித்துத் தெரிந்துகொண்டேன். "நடப்பது கஷ்டம் அம்மா, பிசியோதெரபி செய்யுங்கள்" என்று இரண்டே நிமிடத்தில் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்கள். அவர்கள் சொல்லாமல் விட்ட இடத்தில்தான் அக்குபங்சர் ஹீலர் வந்து உட்கார்ந்தார்.

ஐந்தாம் மாதம் அவரிடம் போனோம். காரில் ஒன்றரை மணி நேரம். நல்ல மனிதர்போலத்தான் பேசினார், தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டே பேசினார். "வெட்டுப்பட்ட நரம்பு ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் வளரும், ஊசி அதற்கு வழி காட்டும். எத்தனை நாள் ஆகும், நீங்களே கணக்குப் போடுங்கள்" என்றார். நான் பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவள். முதுகில் ஓர் அடி தூரம் என்றால் பத்து மாதம். மனம் அங்கேயே விழுந்துவிட்டது.

அந்த ஒரு மில்லிமீட்டர் பொய்யில்லை. கையிலோ காலிலோ ஓடும் நரம்பு அறுபட்டுத் தைத்தால், ஏறக்குறைய அந்த வேகத்தில்தான் வளரும். தண்டுவடத்தின் கதை வேறு. அங்கே காயத்தைச் சுற்றி வடு கட்டிக்கொள்கிறது. நரம்பிழைகள் மறுபடி நீள்வதை அந்த இடமே தடுத்துவிடுகிறது. ஒரு வகை நரம்பின் கணக்கை இன்னொரு வகைக்குப் போட வைத்தார், அதையும் என் கையாலேயே.

அறுபது அமர்வுக்கு 45,000 ரூபாய் முன்பணம். ரசீது கேட்டதற்கு ஒரு நோட்டில் எழுதிக் காட்டினார். அலுவலகத்தில் இருநூறு ரூபாய் நூலுக்கும் வவுச்சர் கேட்கிற நான், தலையாட்டிவிட்டு வந்தேன்.

முதல் கட்டளை, இங்கிலீஷ் மருந்து எல்லாவற்றையும் நிறுத்தவேண்டும் என்பது. அதில் பேக்லோஃபன் என்ற மாத்திரையும் போயிற்று, மூன்று வேளை போட்டுக்கொண்டிருந்தது. மூன்றாம் நாள் மேசையில் படுத்திருக்கும்போது கால் துள்ளியது. அம்மா ஊசிகளைப் பார்த்துக் கும்பிட்டாள். நானும் அழுதேன். ஹீலர் போனை எடுத்துப் படம் பிடித்தார். நீங்கள் பார்க்கிற காணொளி அதுதான்.

தண்டுவடத்தில் அடிபட்ட முதல் சில வாரங்கள் கால் துவண்டு கிடக்கும். பிறகு மூளையின் கட்டுப்பாடு இல்லாத அனிச்சைச் செயல்கள் தலைதூக்கி, தசை இறுகும், துள்ளும். அதை அடக்கத்தான் பேக்லோஃபன். சட்டென்று நிறுத்தினால் இழுப்பு பன்மடங்காகும். சிலருக்கு வலிப்பும் மனக்குழப்பமும் வரும். மாத்திரையை நிறுத்தச் சொன்னவரே, நிறுத்தியதால் வந்ததைத் தன் சாதனையாகக் காட்டினார். தெரிந்து செய்தாரா, தெரியாமல் செய்தாரா என்று இப்போதும் தம்பிக்கும் எனக்கும் வாக்குவாதம் நடக்கிறது.

இரண்டாவது சம்பவத்தை நினைத்தால் கை நடுங்குகிறது. நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை அவனுக்குக் குழாய் போட்டுச் சிறுநீர் எடுக்கவேண்டும். அன்று வழியில் நெரிசல், ஆறு மணி நேரம் தாண்டிவிட்டது. காலில் ஊசிகளைக் குத்தி மின்சாரம் கொடுத்ததும் "அக்கா, தலை பிளக்கிறது" என்றான். முகம் சிவந்து, நெற்றியில் வியர்வை கொட்டியது. "அடைப்பு திறக்கிறது, பொறுங்கள்" என்றார் ஹீலர். எனக்குக் குழாய் போடும் நேரம் ஞாபகம் வந்தது, அவ்வளவுதான் எனக்குத் தெரிந்த மருத்துவம். ஊசிகளை எடுக்கச் சொல்லிச் சத்தம் போட்டு, குழாயைப் போட்டேன். கிட்டத்தட்ட ஒரு லிட்டர் வந்தது. பத்து நிமிடத்தில் தலைவலி இறங்கியது.

டி-6 எலும்பிலோ அதற்கு மேலே கழுத்துப் பக்கமோ அடிபட்டவர்களுக்கு, உணர்வில்லாத பகுதியில் ஏதாவது தொந்தரவு வந்தால் ரத்த அழுத்தம் தாறுமாறாக ஏறும். நிரம்பிய சிறுநீர்ப்பை போதும், மலச்சிக்கல் போதும், குத்தும் ஊசிகூடப் போதும். மூளையில் ரத்தம் கசியும் அளவுக்குப் போகலாம். உடனே நிமிர்த்தி உட்கார வைத்து, இறுக்கமான துணியைத் தளர்த்தி, சிறுநீரை வெளியேற்றவேண்டும். அப்படியும் இறங்காவிட்டால் ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டும். வீட்டில் இப்படி ஒருவர் இருந்தால் இந்த ஒரு பத்தியையாவது எழுதிச் சுவரில் ஒட்டிவையுங்கள்.

அதன் பிறகும் போனோம். ஆம், போனோம். பணம் கட்டியாயிற்றே.

குளிர் காய்ச்சல் வந்தது. "கழிவு வெளியேறுகிறது" என்றார். சிறுநீரில் கிருமி என்று பிற்பாடு தெரிந்தது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டவேண்டிய உடம்பை, ஊசி குத்தியிருக்கிறதே என்று கட்டை மேசையில் அசையாமல் கிடத்தியதில் வால் எலும்புக்கு மேலே தோல் கறுத்து, பிறகு குழியானது. அதற்கு மூலிகை எண்ணெய், பாட்டில் 1,200 ரூபாய். நாற்பத்தோராவது அமர்வோடு நிறுத்தினோம். முன்பணம் 45,000, எண்ணெய் ஆறு பாட்டில் 7,200, கார் வாடகை நாற்பத்தொரு முறைக்கு 36,900. மொத்தம் 89,100 ரூபாய். படுக்கைப்புண் வராமல் காக்கும் காற்று மெத்தையை, பிறகு பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டிருந்தோம்.

புண்ணுக்காகப் போன மறுவாழ்வு மருத்துவப் பிரிவில்தான் ஒரு டாக்டர் முதல்முறையாக ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசினார். ஹீலர் கொடுத்திருந்த ஆய்வுக் கட்டுரையையும் காட்டினேன். 2003இல் தைவானிலிருந்து வந்தது, ஊசி பெற்றவர்கள் கூடுதலாகத் தேறியதாகச் சொல்வது. அவர் பொறுமையாகப் படித்துக் காட்டினார். அதில் இருந்தவர்கள் அடிபட்ட உடனேயோ அறுவை சிகிச்சை முடிந்த கையோடோ ஊசி பெற்றவர்கள். இயல்பாகவே தேற்றம் கூடுதலாக நடக்கும் காலம் அது. கூடவே வழக்கமான பயிற்சியும் நடந்திருக்கிறது. ஒப்பிட்ட பிரிவுக்கு, சிகிச்சை என்ற எண்ணத்தை மட்டும் தரும் பொய் ஊசி எதுவும் போடவில்லை. சக்கர நாற்காலிக்காரர்களின் தோள்வலியைப் பற்றி 2007இல் அமெரிக்காவில் நடந்த சிறிய ஆய்வில் பொய் ஊசியும் வைத்துப் பார்த்தார்கள். இரண்டிலும் வலி குறைந்தது, பெரிய வித்தியாசமில்லை. "வலிக்கு வேண்டுமானால் முயன்று பாருங்கள், சுத்தமான ஊசியும் விவரம் தெரிந்த ஆளும் இருந்தால். நடைக்கு என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்" என்றார்.

ஹீலரிடம் நடை திரும்பியதாகச் சொல்லப்பட்ட ஒருவரின் மாமாவை அங்கேயே காத்திருப்பு அறையில் சந்தித்திருக்கிறேன். அந்த நோயாளிக்கு விபத்தன்றே கால் கட்டைவிரல் அசைந்ததாம். அப்படி நரம்பு கொஞ்சம் மிச்சமிருப்பவர்களில் பலர் முதல் வருடத்துக்குள் ஊசி இல்லாமலும் எழுந்து நடக்கிறார்கள். அன்றைக்கு அந்தத் தகவல் என் காதில் விழுந்தது, தலைக்குள் போகவில்லை.

முதல் மாதமே நாங்கள் விசாரித்திருக்க வேண்டியது மறுவாழ்வு மையங்களைத்தான். வேலூர் சி.எம்.சி.யில் 1966 முதல் ஒன்று இருக்கிறது. அதற்குக் காரணமான டாக்டர் மேரி வர்கீஸ், 1954 விபத்தில் கால்கள் செயலிழந்த பிறகு சக்கர நாற்காலியிலிருந்தே அறுவை சிகிச்சை செய்தவர். தென்காசி அருகே ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம் இருக்கிறது. 1981இல் தொடங்கிய ராமகிருஷ்ணன் கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர். புண் வராமல் உட்காருவது, தானே குழாய் போட்டுக்கொள்வது, கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுவது எல்லாம் கற்றுக்கொள்ளக்கூடியவை. தம்பி இப்போது மூன்றையும் செய்கிறான்.

கை கால் செயலிழப்பைத் தீர்க்கும் என்று மருந்தை விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் சட்டம் தடை செய்கிறது. எண்ணெய் பாட்டிலின் மேல் ஒட்டியிருந்த சீட்டைப் பத்திரமாக வைத்திருக்கிறேன், புகார் எழுதிக்கொண்டிருக்கிறேன். மீதி பத்தொன்பது அமர்வுக்குப் பணம் கேட்டதற்கு, "நம்பிக்கை குறைந்த வீட்டில் பலன் தங்காது" என்று பதில் வந்தது. காணொளியை எடுக்கச் சொன்னதற்குப் பதிலே இல்லை.

நேற்றிரவும் கால் துள்ளியது. மாத்திரையின் அளவைக் கூட்டலாமா என்று வியாழக்கிழமை டாக்டரிடம் கேட்கவேண்டும். என் போனை வாங்கி அந்தக் காணொளியை இரண்டு தடவை பார்த்த தம்பி, "நடித்ததற்குச் சம்பளம் கேட்டாயா அக்கா?" என்றான்.