ஒரே குச்சியில் கோவிட், ஃப்ளூ ஏ, ஃப்ளூ பி: வீட்டுப் பரிசோதனை கிட் எவ்வளவு உதவும்?

சளி, தொண்டை வலி, காய்ச்சல் என்று படுத்தவுடன் எல்லோரும் கேட்பது, "இது சாதாரண சளியா, ஃப்ளூவா, கோவிட்டா?" அந்தக் கேள்வியில் பாதிக்குத்தான் இந்த ஆன்டிஜென் கிட் (வைரஸின் புரதத்தைக் கண்டறியும் பரிசோதனை) பதில் சொல்லும்.

பெரும்பாலான தவறு மாதிரி எடுப்பதில்தான் நடக்கிறது. முதலில் மூக்கைச் சிந்திவிடுங்கள். குச்சியை மூக்குக்குள் சுமார் 2 செ.மீ. விட்டு, உட்சுவரை ஒட்டி 5 சுற்று. அதே குச்சியால் அடுத்த துவாரத்திலும். நுனியில் லேசாகத் தொட்டு எடுத்தால் வைரஸ் இருந்தும் நெகட்டிவ் காட்டும். திரவத்தில் நன்றாகக் கலக்கிப் பிழிந்து, சொன்ன அளவு சொட்டு மட்டும் விடுங்கள். குறைந்தால் பரிசோதனை சரியாக நடந்ததைக் காட்டும் 'சி' கோடே வராமல் போகலாம். அப்போது அந்தக் கிட் செல்லாது. குறித்த நேரம் கடந்து தெரியும் மங்கல் கோட்டை நம்ப வேண்டாம். நேரத்துக்குள் வந்தால் மங்கலும் பாசிட்டிவ்தான்.

பாசிட்டிவை நம்பலாம். நெகட்டிவை அப்படியே நம்பாதீர்கள், 48 மணி நேரம் கழித்து மறுபடி பாருங்கள். சாதாரண சளிக்குப் பெரும்பாலும் காரணமான ரைனோவைரஸும், தொண்டையைத் தாக்கும் ஸ்ட்ரெப் பாக்டீரியாவும் இதில் தெரியவே தெரியாது. இருமல் இல்லாமல் காய்ச்சல், டான்சிலில் வெள்ளைப் படிவு, கழுத்தின் முன்பக்கம் வலிக்கும் நெறிகட்டி இருந்தால் தொண்டை மாதிரிப் பரிசோதனைதான் தேவை.

ஃப்ளூ பாசிட்டிவ் என்றால் முதியவர்களும் கர்ப்பிணிகளும் உடனே மருத்துவரைப் பாருங்கள். ஃப்ளூ வைரஸுக்கான மருந்தான ஓசெல்டாமிவிர், அறிகுறி தொடங்கிய முதல் 48 மணி நேரத்தில் தொடங்கினால்தான் அதிகப் பலன். மூச்சுத்திணறலோ, எச்சில் விழுங்க முடியாத நிலையோ வந்தால் கிட்டைத் தேடாமல் மருத்துவமனைக்குப் போங்கள்.