டெக்சஸின் சான் அன்டோனியோவில் திருநர் முன்னாள் படைவீரர் சந்திப்பு: போகலாமா?

மதிப்பெண்ணை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஐந்துக்கு நான்கு ஸ்டார். ஒன்றைக் குறைத்ததற்குக் காபியும் ஒரு காரணம், ஆனால் அது மட்டும் இல்லை.

அமெரிக்கப் படைகளில் இருந்துவிட்டு வெளியே வந்த திருநங்கைகளும் திருநம்பிகளும் மாதம் இரண்டு சனிக்கிழமை காலையில் ஒரு சமூகக் கூடத்தின் பின்னறையில் கூடுகிறார்கள், அவ்வளவுதான் இந்தச் சேவை. கட்டணம் கிடையாது. தலைவர் என்று யாரும் இல்லை, அறைச் சாவி யாரிடம் இருக்கிறதோ அவர்தான் அன்றைக்குத் தலைவர். வெளியே பெயர்ப்பலகை வைக்கவில்லை, வேண்டுமென்றேதான் வைக்கவில்லை, அதனால் கூடத்தின் பெயரை நானும் இங்கே போடவில்லை. இந்த ஊர் மிலிட்டரி வட்டாரத்தில் நம்பிக்கையான இரண்டு பேரிடம் விசாரித்தால் தெரிந்துவிடும். லாக்லாண்டில் விமானப்படையின் அடிப்படைப் பயிற்சி, ஃபோர்ட் சாம் ஹூஸ்டனில் ராணுவ மருத்துவ உதவியாளர் பயிற்சி என்று எங்கே திரும்பினாலும் பட்டாளம்தான், ரிட்டயர் ஆனவர்களில் பலரும் இங்கேயே வீடு வாங்கித் தங்கிவிடுகிறார்கள்.

தமிழ்த் திருநங்கைக்கு அங்கே என்ன வேலை என்று கேட்பீர்கள். மாவ்னி என்று ஒரு திட்டம் இருந்தது, 2008இல் ஆரம்பித்து 2016இல் நின்றது. ராணுவத்துக்குத் தேவையான மொழிகள் என்று ஒரு பட்டியல், அதில் தமிழும் உண்டு. மாணவர் விசாவில் இருந்தவர்கள் கிரீன் கார்டு வரிசையில் காத்திருக்காமல் படையில் சேர்ந்து நேரே குடியுரிமை வாங்கிய வழி அது, நானும் அப்படிப் போனவள்தான். உள்ளே போன பிறகு தமிழ் பேசச் சொல்லி ஒருத்தரும் கேட்கவில்லை, லாரி உதிரிபாகக் கணக்குதான் பார்த்தேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். முன்னாள் படைவீரர்களுக்கு இந்த ஊரில் இடத்துக்குப் பஞ்சமே இல்லை, பிறகு எதற்கு இது தனியாக? நான் முதலில் போன ஒரு சங்கத்தில் (பெயர் வேண்டாம்) வாசலிலேயே "உங்கள் கணவர் எந்தப் படையில் இருந்தார்?" என்று அன்பாகக் கேட்டார்கள். நான்தான் என்று சொல்லி டிடி 214ஐ நீட்டினால் அதில் பழைய பெயர். இந்த டிடி 214 என்பது டிஸ்சார்ஜ் காகிதம், நம் ஊர் ரேஷன் கார்டு மாதிரி எதற்கெடுத்தாலும் அதைத்தான் கேட்பார்கள்: வீட்டுக் கடன், மருத்துவம், படிப்புச் செலவு, கடைசியில் ராணுவ மரியாதையோடு அடக்கம் செய்வதற்கும். அதில் பெயர் மாறாதவரை ஒவ்வொரு கவுண்டரிலும் நம் கதையை முழுசாகச் சொல்லியாக வேண்டும். போதாக்குறைக்கு 2024 ஆகஸ்டிலிருந்து டெக்சஸில் ஓட்டுநர் உரிமத்தில் பாலினத்தை மாற்றித் தருவதையும் நிறுத்திவிட்டார்கள்.

இந்தப் பின்னறையில் அந்தக் கதையைச் சொல்ல வேண்டியதில்லை. டிடி 149 என்ற திருத்தப் படிவத்தை நிரப்பி, முதல்முறை திருப்பி அனுப்பப்பட்டு, மறுபடி அனுப்பிப் பெயர் மாற்றி வாங்கியவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார், எந்த நீதிமன்ற உத்தரவை இணைக்க வேண்டும், எதை இணைத்தால் வீணாக இழுத்தடிக்கும் என்று விரல்விட்டுச் சொல்கிறார். வக்கீலிடம் போனாலும் இது கிடைக்கலாம், ஆனால் வக்கீல் அந்தப் பழைய பெயரோடு பட்டாள அணிவகுப்பில் நின்றவர் இல்லையே.

எனக்கு மிகவும் பிடித்தது அங்கே கலந்து உட்காரும் வயதுகள். வியட்நாம் காலத்துக் கடற்படைப் பாட்டி ஒருவர் தவறாமல் வருவார், மனதுக்குள் நான் பாட்டி என்றுதான் கூப்பிடுகிறேன். அவர் காலத்தில் இன்னொரு திருநர் படையாளைத் தேடுவதே ஆபத்து. நீலம், இளஞ்சிவப்பு, வெள்ளை என்று இன்று எல்லா ஊர்வலத்திலும் பார்க்கிற அந்தத் திருநர் கொடியை 1999இல் வடிவமைத்த மோனிகா ஹெல்ம்ஸும் நீர்மூழ்கிக் கப்பலில் இருந்தவர்தான்; அவரும் ஏஞ்சலா பிரைட்ஃபெதரும் சேர்ந்து 2003இல் அமெரிக்கத் திருநர் முன்னாள் படைவீரர் சங்கத்தைத் தொடங்கினார்கள். அடுத்த வருடம் மே மாதம் வாஷிங்டனில் வியட்நாம் நினைவுச் சுவருக்கு ஒன்றாக நடந்துபோனார்கள். 2008இல் அந்தச் சங்கம் திருநர் படையாட்களிடம் எடுத்து முடித்த கணக்கெடுப்புக்கு 827 பேர் பதில் எழுதினார்கள். முன்னாள் படைவீரர் நலத்துறை தன் மருத்துவமனைகளில் திருநரை எப்படி நடத்த வேண்டும் என்று 2011இல் எழுத்தில் உத்தரவு போட்டதற்குப் பின்னால் இப்படி ஒருவரையொருவர் தேடிப் பிடித்தவர்களின் உழைப்பும் இருக்கிறது. 2025 மார்ச்சில் அந்த உத்தரவின் பிந்தைய வடிவத்தையும் ரத்து செய்துவிட்டார்கள். பாலின மாற்றத்துக்கான ஹார்மோன் சிகிச்சை ஏற்கெனவே அதில் இருந்தவர்களுக்கு மட்டும் தொடரும், அதைப் புதிதாகக் கேட்டு வருபவர்களுக்குக் கதவு சாத்தியாயிற்று.

2025க்குப் பிறகு கூட்டத்தின் முகமே மாறிவிட்டது. திருநர் படையில் இருக்கக் கூடாது என்று ஜனவரி 27இல் டிரம்ப் ஆணை, மே 6இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை அமலாக்க அனுமதித்தது, ஜூன் 6க்குள் தானாக விலகுகிறாயா என்று கெடு. தானாக விலகினால் கிடைக்கும் தொகையில் பாதிதான், அவர்களாக அனுப்பினால். ஓய்வூதியத்துக்கு மூன்றே வருடம் பாக்கியிருந்த சார்ஜென்ட் ஒருவர் வந்து பேசாமல் உட்கார்ந்திருந்தார், பாட்டி அவருக்கு ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை, மருத்துவப் பதிவேடு முழுவதையும் வெளியே வருவதற்கு முன்பே நகல் எடுத்தாயா என்று மட்டும் கேட்டார். எடுக்கவில்லை. அன்றைக்கு மீதி நேரம் முழுக்க அதுதான் வேலை.

படையில் கூட இருந்தவர்கள் கைகொடுப்பது ஒன்றும் புதிதில்லை. அமெரிக்க உள்நாட்டுப் போரில் 1862இல் இல்லினாய் 95ஆம் காலாட்படையில் சேர்ந்த ஆல்பர்ட் கேஷியர், பெண்ணாகப் பிறந்ததாகக் கணக்கு, ஆனால் போர் முடிந்து ஐம்பது வருடமும் ஆணாகவே வாழ்ந்தார். முதுமையில் விஷயம் வெளிப்பட்டு 1914இல் மனநல மருத்துவமனைக்கு அனுப்பி, பாவாடை கட்ட வைத்தார்கள். பென்ஷன் விஷயத்தில் விசாரணை வந்தபோது கூடப் போரிட்ட கிழவர்கள்தான் இவர் எங்கள் கேஷியர் என்று சாட்சி சொன்னார்கள். பென்ஷன் நிற்கவில்லை. அடுத்த வருடம் இறந்தபோது சீருடையிலேயே அடக்கம்.

இனி குறைகள். பட்டாளத்தில் இருந்தவர்கள்தானே, நேரத்துக்கு ஆரம்பிப்பார்கள் என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். முதல் அரை மணி நேரம் செய்தியைத் திட்டுவதில் போய்விடும். திருநம்பிகள் குறைவு, வருகிற ஓரிருவரும் ஓரமாக உட்கார்ந்துவிடுகிறார்கள், அவர்களைப் பேச விட யாரும் மெனக்கெடுவதில்லை, ஒரு ஸ்டார் போனது முக்கியமாக இதனால்தான். தெருவைப் பார்த்த கண்ணாடி ஜன்னலுக்கு இன்னும் திரை போடவில்லை, இன்னும் வெளியே சொல்லாதவர்கள் உள் மூலையில் உட்காருங்கள். போட்டோ எடுக்கக் கூடாது என்பதை மட்டும் கறாராகப் பார்க்கிறார்கள், நல்லது. அப்புறம், இங்கே மனநல மருத்துவர் யாரும் கிடையாது. உயிரை மாய்த்துக்கொள்ளும் நினைப்பு வந்தால் சனிக்கிழமைக்காகக் காத்திருக்காதீர்கள், 988 என்ற உதவி எண்ணை அழைத்து 1ஐ அழுத்துங்கள்.

போகிறவர்கள் டிடி 214இன் நகல் ஒன்று எடுத்துப் போங்கள், அசல் வீட்டிலேயே இருக்கட்டும். வண்டியைக் கூடத்துக்குப் பின்னால் நிறுத்தலாம், முன்பக்கம் நிறுத்தினால் இழுத்துப் போய்விடுவார்கள். காபியைக் கையோடு வாங்கிக்கொண்டு போய்விடுங்கள்.