உருகிய பாலிமருக்கு எந்த நிலைச் சமன்பாடு: டெய்ட்டா, சான்செஸ்–லாகோம்பா, பிசி-சாஃப்ட்டா?

ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கடற்கரையில் 101 கிலோபாஸ்கலாக இருக்கும் காற்றழுத்தம் அங்கே 77, 78 தான். பாலிமர் உருகலின் அடர்த்தியைக் கணக்கிடும்போது இந்தக் குறைவைச் சேர்க்கவேண்டுமா? கேள்வி சின்னதுதான், ஆனால் எந்த நிலைச் சமன்பாடு (அழுத்தம், வெப்பநிலை, அடர்த்தி மூன்றையும் இணைக்கும் சூத்திரம்) தேவை என்பதை அதுவே சொல்லிவிடும்.

வெறும் உருகலின் கன அளவுதான் வேண்டுமென்றால் டெய்ட் போதும். இது கோட்பாடு அல்ல, அளவீடுகளுக்குப் பொருத்திய சூத்திரம். அழுத்தத்தை பி என்ற எண்ணால் வகுத்து, 1 கூட்டி, இயல் மடக்கை எடுத்து, 0.0894 ஆல் பெருக்கினால் கன அளவு எவ்வளவு பங்கு சுருங்கும் என்று கிடைக்கும். பாலிஸ்டைரீனுக்கு பி = 216.9 × எக்ஸ்ப்(−0.003319 × வெப்பநிலை) மெகாபாஸ்கல். எக்ஸ்ப் என்பது e-யின் அடுக்கு. 180 டிகிரியில் பி சுமார் 119. 100 மெகாபாஸ்கலில் சுருக்கம் 5.4 சதவீதம். ஊட்டிக்கும் கடற்கரைக்கும் உள்ள 23 கிலோபாஸ்கல் வித்தியாசமோ லட்சத்தில் இரண்டு பங்கைக்கூடத் தொடாது. மறந்துவிடலாம்.

இங்கே வெப்பநிலை செல்சியஸில். பழக்கதோஷத்தில் கெல்வினைப் போட்டால் பி 48-க்கு இறங்கி, சுருக்கம் 10 சதவீதமாக வீங்கும். விடை பார்வைக்கு நியாயமாகவே தெரியும், அதுதான் ஆபத்து. அளந்த வரம்புக்கு வெளியே, முக்கியமாக உருகல் கண்ணாடிபோல் இறுகும் வெப்பநிலைக்குக் கீழே, இந்த எண்களை இழுத்துச் செல்லக் கூடாது.

1970-களின் சான்செஸ்–லாகோம்ப், சங்கிலித் துண்டுகள் அமரும் கட்டங்களும் காலி ஓட்டைகளும் கொண்ட மாதிரி. பாலிஸ்டைரீனுக்கு மூன்று எண்கள்: 735 கெல்வின், 357 மெகாபாஸ்கல், கன சென்டிமீட்டருக்கு 1.105 கிராம். வெப்பநிலை, அழுத்தம், அடர்த்தி மூன்றையும் இவற்றால் வகுத்துக் குறைத்த அளவுகளாக்க வேண்டும். இங்கே கெல்வின் கட்டாயம். நீண்ட சங்கிலிக்கு, குறைத்த அடர்த்தியின் வர்க்கத்தோடு குறைத்த அழுத்தத்தைக் கூட்டி, குறைத்த வெப்பநிலையால் வகுத்து, அதே அடர்த்தியை இன்னொரு முறை கூட்டுங்கள். வந்ததற்கு எதிர்க்குறி போட்டு எக்ஸ்ப் எடுத்து, 1-லிருந்து கழித்தால் புதிய அடர்த்தி. அதை மறுபடி உள்ளே போட்டுத் திருப்பிச் செய்யுங்கள். சாதாரணக் காற்றழுத்தத்தில், 0.9-இல் தொடங்கினால் எட்டு சுற்றில் 0.8835-இல் நிற்கும், அதாவது 180 டிகிரியில் 0.976 கிராம். அழுத்தம் இல்லாத கணக்கைப் பூஜ்யத்தில் தொடங்கினால் பூஜ்யத்திலேயே உட்கார்ந்துவிடும்.

அதே 100 மெகாபாஸ்கலுக்கு இது தரும் சுருக்கம் 6.1 சதவீதம். டெய்ட்டோடு ஒப்பிட்டால் கூடுதல். உருகலை அச்சுக்குள் அழுத்திச் செலுத்தும் ஊசிவார்ப்பின் அழுத்தங்களுக்கு இதை நம்பக் கூடாது. ஓட்டையோடு கட்டத்தின் அளவும் மாற விடும் 1969-இன் சிம்ஹா–சோம்சின்ஸ்கி சமன்பாடு அங்கே மேல். ஆனால் இரண்டு சமன்பாடுகளைப் பிணைத்துத் தீர்க்க வேண்டும். கட்டற்ற கன அளவு (உருகலுக்குள் உள்ள காலி இடம்) தேவைப்படாதவருக்கு அந்தப் பாடு வீண்.

பிறகு சான்செஸ்–லாகோம்ப் எதற்கு? உருகலில் கரைந்த வாயுவுக்கும், பாலிமராக மாறாமல் மிஞ்சிய ஸ்டைரீனுக்கும். டெய்ட்டுக்குக் கலவை என்றாலே தெரியாது. 2001-இல் குரோஸ், சடோவ்ஸ்கி தந்த பிசி-சாஃப்ட் (மூலக்கூறுகளைக் கோளங்கள் கோத்த சங்கிலிகளாகப் பார்க்கும் சமன்பாடு) கலவையில் இன்னும் வலுவானது. எங்கள் தேர்வு அதுதான். ஒரு கண்டிஷன்: பாலிமரின் எண்களை அடர்த்தியை மட்டும் வைத்துப் பொருத்தினால் கலவையில் கவிழும். குறைந்தது ஒரு கரைப்பானோடு அளந்த தரவையும் சேர்த்துப் பொருத்த வேண்டும்.

வாயு வந்ததும் மலையின் காற்றழுத்தமும் கணக்குக்குள் வந்துவிடுகிறது. வெற்றிட அடுப்பின் மீட்டர் காட்டுவது வெளிக் காற்றோடு உள்ள வித்தியாசத்தை. அது −0.07 மெகாபாஸ்கல் என்றால், கடற்கரையில் உள்ளே இருப்பது 31 கிலோபாஸ்கல், ஊட்டியில் 7.5. மெலிதாகக் கரையும் வாயு அழுத்தத்துக்கு நேர்விகிதத்தில் கரைவதால், உருகலில் தங்குவதும் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு. சமன்பாட்டில் போட வேண்டியது மீட்டர் எண்ணை அல்ல, உள்ளூர் காற்றழுத்தத்தோடு கூட்டிய முழு அழுத்தத்தை. மீட்டர் −0.09 காட்டவில்லை என்று பம்பைப் பிரித்துப் போடவும் வேண்டாம். ஊட்டியில் அது −0.078-ஐத் தாண்டி இறங்காது.